மூன்று அடுக்கும் பல கைகளும்

குயில்ட் தைக்கும் எவருடைய அலமாரியைத் திறந்தாலும், முடித்த வேலையைவிட முடிக்காத வேலைதான் அதிகம் இருக்கும். வெட்டிப் பையில் போட்டு வைத்த துண்டுகள் ஒரு மூட்டை. பாதி இணைத்து நிறுத்தியது ஒன்று. மேல்துணி முழுதாகத் தயாராகி, மடித்து வைத்தபடியே வருஷக்கணக்கில் கிடப்பது ஒன்று. ஓரம் கட்டினால் போதும் என்ற நிலையில் இன்னொன்று. அமெரிக்காவில் இவற்றை 'யூஎஃப்ஓ' (அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட், அதாவது முடியாத பொருள்) என்று செல்லமாகச் சொல்வார்கள். ஒருவரிடம் இப்படிப் பத்துப் பதினைந்து இருப்பது அங்கே சாதாரணம்.

இதற்குச் சோம்பல் காரணமல்ல. அந்தக் கைவேலையின் அமைப்பே அப்படி. துணி தேர்வதற்கு வெளிச்சம் வேண்டும். வெட்டுவதற்குக் கணக்கு வேண்டும். இணைப்பதற்குப் பொறுமை வேண்டும். அடுக்குவதற்குப் பெரிய மேஜையும் உதவிக்கு ஆளும் வேண்டும். ஒரு கட்டத்தில் தேர்ந்தவருக்கு அடுத்த கட்டம் பிடிக்காமல் போகலாம், அல்லது வீட்டில் அதற்கு இடமில்லாமல் போகலாம். வேலை அங்கேயே நின்றுவிடும். இப்படி நிற்கும் இடங்களில்தான் இன்னொருவரின் கை தேவைப்படுகிறது. குயில்ட்டர்களுக்குச் சங்கம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது, மாதத்தில் ஒரு நாள் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஏன் ஓரிடத்தில் கூடுகிறார்கள் என்பதற்கு விடை இந்தத் தையல் முறைக்குள்ளேயே இருக்கிறது.

குயில்ட் என்பது மூன்று அடுக்குள்ள போர்வை. மேலே பார்வைக்கான துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவி ஓடும் தையலுக்குத்தான் குயில்ட்டிங் என்று பெயர். கதகதப்பைத் தருவது பஞ்சு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்த வேலையைச் செய்வது பஞ்சின் இழைகளுக்கிடையே அசையாமல் சிக்கி நிற்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் தையல் இல்லாமல் விட்டால் நாலு தடவை துவைத்ததும் பஞ்சு ஒரு மூலையில் உருண்டு திரண்டுவிடும். அதனால் தையல் வரிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பஞ்சு விரிப்பின் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு நாலு அங்குலம், சிலவற்றுக்குப் பத்து அங்குலம் வரை. நெருக்கித் தைத்தாலும் ஒரு கேடு உண்டு. காற்றுக்கான இடம் நசுங்கி, போர்வை அட்டை மாதிரி விறைத்துப்போகும். பழைய நூல்புடவைகளை மடித்து அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரித்த பாட்டிமார்களுக்கு இந்த நியாயம் தெரிந்திருந்தது. வங்காளத்துக் காந்தாவும் அதே வழிதான்.

மேல்துணி பல பிளாக்குகளால் ஆனது. ஒரே மாதிரியான சதுரங்களைத் தனித்தனியாகத் தைத்து, பிறகு வரிசை வரிசையாக இணைப்பார்கள். எல்லாவற்றிலும் எளியது ஒன்பது கட்டச் சதுரம், அதாவது நைன் பேட்ச். ஒன்பது சின்னச் சதுரங்களை வெட்டி ஒவ்வொன்றாகத் தைப்பதுதான் பழைய முறை. இப்போது அப்படிச் செய்பவர்கள் குறைவு. இரண்டரை அங்குல அகலத்தில் நீளநீளமாகப் பட்டைகள் வெட்டிக்கொள்வார்கள். கருப்பு, வெள்ளை, கருப்பு என மூன்று பட்டைகளைச் சேர்த்து நெடுக ஒரு தையல். வெள்ளை, கருப்பு, வெள்ளை என இன்னொரு மூன்று. இந்தப் பட்டைத் தொகுப்புகளைக் குறுக்கே இரண்டரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டினால் மூன்று சதுரம் ஒட்டிய துண்டுகள் தயாராகக் கிடைக்கும். முதல் வகையில் இரண்டு, நடுவில் இரண்டாம் வகையில் ஒன்று. சேர்த்துத் தைத்தால் பிளாக் முடிந்தது. 42 அங்குல நீளமுள்ள ஒரு தொகுப்பிலிருந்து பதினாறு துண்டுகள் வரும்.

இந்த வேகத்தைச் சாத்தியமாக்கியது ஒரு சின்னக் கருவி. 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருளும் வட்டக் கத்தியைக் கொண்டுவந்தது. பீட்சா வெட்டும் சக்கரத்தைப் போன்ற உருவம், சவரக் கத்தியின் கூர்மை. அதுவரை அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் கோடு போட்டு, கத்தரியால் ஒவ்வொரு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். வட்டக் கத்தியும் கோடு போட்ட பாயும் கண்ணாடி போன்ற அளவுகோலும் சேர்ந்தபோது நாலைந்து மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்ட முடிந்தது. மிஷினில் வந்த மாற்றங்களைவிட இந்தக் கத்தி கொண்டுவந்த மாற்றம் பெரிது என்றே நான் சொல்வேன். வெட்டும் வேலை மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு வந்தது.

வேகம் கூடியது. துல்லியத்தில் மட்டும் சலுகை இல்லை. குயில்ட்டில் தையலுக்கு ஒதுக்கும் ஓரம் கால் அங்குலம். நம் தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்களே, அந்தக் கணக்கில் இரண்டு நூல். இதில் வெறும் அரை நூல் அதிகமாகப் பிடித்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு தையலில் இரண்டு துண்டுகள் சேர்கின்றன. ஆக ஒவ்வொரு தையலிலும் ஒரு நூல் அகலம் காணாமல்போகும். மூன்று அங்குலச் சதுரங்கள் 24 ஒரு வரிசையில் நின்றால் 72 அங்குலம் வர வேண்டும். நடுவில் 23 தையல்கள், ஆக 23 நூல் போய்விடும். ஏறக்குறைய மூன்று அங்குலம் குறைந்த வரிசை! பக்கத்து வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. சங்கத்தின் தையல் நாளில் புதிதாக வந்தவரிடம் அனுபவசாலிகள் முதலில் கேட்பது 'உங்கள் கால் அங்குலம் சரியாக இருக்கிறதா' என்றுதான். மூன்று துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடுத்துண்டை அளந்து பார்த்துவிட்டுத்தான் மேலே போவார்கள்.

முக்கோணம் வந்தால் கணக்கு இன்னும் சுவையாகும். ஒரு சதுரத்தைக் குறுக்காக வெட்டி இரண்டு முக்கோணமாக்கி, வேறு நிற முக்கோணத்தோடு இணைத்தால் இருநிறச் சதுரம் கிடைக்கும். தைத்து முடிந்தபின் மூன்று அங்குலம் இருக்க வேண்டுமானால் எவ்வளவு பெரிய சதுரம் வெட்ட வேண்டும்? சாதாரணச் சதுரத்துக்கு இரண்டு பக்கமும் கால் கால், ஆக அரை அங்குலம் கூட்டினால் போதும். முக்கோணத்துக்கு அது போதாது. சாய்ந்த பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குப் போகிறது. அந்தச் சாய்வின் கால் அங்குலம் நேர்ப்பக்கத்தில் கால் அங்குலத்தின் ரூட் இரண்டு மடங்காக நீளும். எல்லாம் கூட்டினால் 0.854 அங்குலம். அதை அளவுகோலில் கிடைக்கும் பக்கத்து அளவுக்கு ஏற்றினால் முக்காலே அரைக்கால், அதாவது ஏழு நூல். பள்ளியில் பிதகோரஸ் தேற்றத்தைக் கண்டு ஓடியவர்கள்கூட இந்த ஏழு நூலை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

முக்கோணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. துணியில் பாவு நூல் ஓடும் நெடுக்கு வாட்டத்தில் இழுவை மிகக் குறைவு, ஊடை ஓடும் குறுக்கில் கொஞ்சம் உண்டு, இரண்டுக்கும் நடுவே சாய்வாக இழுத்தால் ரப்பர் போல நீளும். ரவிக்கைக்குக் கிராஸ் கட்டிங் செய்யும் தையற்காரருக்கு இந்தக் குணம் உதவி. குயில்ட் தைப்பவருக்குத் தொல்லை. சாய்ந்த விளிம்பை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து இழுத்தால் முக்கோணம் வளைந்துவிடும். ஆகவே இங்கே தேய்ப்பதில்லை, அழுத்தி எடுப்பதுதான். பெட்டியை வைத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

இஸ்திரியில்தான் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒரு வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் வலப்பக்கம் மடித்து அழுத்துவார்கள். அடுத்த வரிசையை இடப்பக்கம். இரண்டு வரிசைகளையும் முகத்தோடு முகம் வைக்கும்போது, எதிரெதிராக மடிந்த இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். கண்ணால் பார்க்கவே வேண்டாம், கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தடவினாலே பூட்டு விழுந்தது தெரிந்துவிடும். நாலு மூலைகளும் ஒரே புள்ளியில் கூடுவதற்கு வேறு ரகசியம் எதுவுமில்லை.

மேல்துணி முடிந்ததும் வேலை நிற்கும் முதல் இடம் வரும். இரட்டைக் கட்டில் அளவுள்ள குயில்ட் தொண்ணூறு அங்குலத்துக்கு நூறு அங்குலம் வரை போகும். அடித்துணியும் பஞ்சும் அதைவிட நாலு பக்கமும் மூன்று நாலு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். இவற்றைச் சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்க எந்த வீட்டில் இடம் இருக்கிறது? தரையில் விரித்து முட்டி போட்டுக்கொண்டு செய்யலாம். வயதான முட்டிகள் ஒத்துழைப்பதில்லை. சங்கம் கூடும் தேவாலய மண்டபத்திலோ நூலகக் கூடத்திலோ நீள மேஜைகள் இருக்கும். நாலு மேஜையைச் சேர்த்துப் போட்டு, குனியாமல் நிற்கும்படி கால்களுக்கு முட்டுக் கொடுத்து உயர்த்துவார்கள். அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, விளிம்புகளை ஒட்டு நாடாவால் மேஜையோடு ஒட்டுவார்கள். துணி விறைப்பாக இருக்க வேண்டும், இழுபடக் கூடாது. அதன்மேல் பஞ்சைப் போட்டு நடுவிலிருந்து வெளியே தடவிவிடுவார்கள். பிறகு மேல்துணி. ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று, வளைந்த ஊக்குகளை நடுவிலிருந்து குத்திக்கொண்டே ஓரத்துக்கு வருவார்கள். ஊக்கு போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கையை முஷ்டியாக மூடி எங்கே வைத்தாலும் ஏதாவது ஒரு ஊக்கில் பட வேண்டும். ஒருவர் தனியே செய்தால் ஒரு நாள் முழுக்கத் தின்னும் வேலை, நாலு பேர் நின்றால் பேச்சோடு பேச்சாக முடிந்துபோகும்.

அந்த மண்டபத்தில் இன்னொரு வசதி, சுவரில் மாட்டிய ஃபிளானல் துணி. பிளாக்குகளை அதன்மேல் வைத்தால் ஊசியில்லாமலே ஒட்டிக்கொள்ளும். பத்தடி தள்ளி நின்று பார்த்து, மாற்றி மாற்றி அடுக்கலாம். நிறங்களின் அழகில் மயங்கி, கருமை வெளுமை வேறுபாட்டைத் தவறவிடுவது எல்லாருக்கும் நேர்வது. சிவப்பும் பச்சையும் தனித்தனியே பளிச்சென்று இருக்கும். இரண்டும் ஒரே அடர்த்தியாக இருந்தால் தூரத்திலிருந்து வடிவம் தெரியாது. கைபேசியில் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். யாரோ ஒருத்தி போகிறபோக்கில் 'அந்த மூலையில் இருப்பதைத் திருப்பி வைத்துப் பார்' என்று சொல்லி, மாதக்கணக்காக நின்றுபோன குயில்ட் அந்த நிமிடத்தில் உயிர் பெறுவதும் இங்கேதான்.

வேலை நிற்கும் இரண்டாவது இடம் குயில்ட்டிங். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமங்களில் இதற்கு நாலு மரச்சட்டங்களால் ஆன பெரிய சட்டகம் இருந்தது. மேல்துணியை அந்த வீட்டுப் பெண் குளிர்காலம் முழுக்கத் தனியே இணைத்து வைத்திருப்பாள். சட்டகத்தில் மூன்றடுக்கையும் இழுத்துக் கட்டியபின் அக்கம்பக்கத்துப் பெண்களை அழைப்பாள். சுற்றி உட்கார்ந்து கையால் தைப்பார்கள். குயில்ட்டிங் பீ என்ற அந்தக் கூட்டம் விருந்தும் ஊர்ப்பேச்சும் கலந்ததாக இருந்தாலும், அதற்கான முதல் காரணம் சட்டகத்தின் அளவுதான். ஒரு பக்கத்தில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து எட்டி எட்டித் தைக்க முடியாது.

குயில்ட் என்றால் ஏழைகள் கந்தலை ஒட்டுப்போட்டது என்றொரு எண்ணம் பரவலாக இருக்கிறது. தொடக்கம் அப்படியல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் துணி விலை மிகுந்த பொருள். அன்றைய அலங்காரக் குயில்ட்டுகள் வசதியான வீடுகளின் வேலை. அதில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் கையால் தீட்டிச் சாயமேற்றிய பூத்துணிகள், படிகாரமும் சாயவேரும் சேர்ந்து ஏற்றிய அந்தச் சிவப்பு துவைத்தாலும் வெளுக்காது என்பதால், ஐரோப்பாவை மயக்கின. தங்கள் நெசவாளரைக் காக்க பிரான்ஸ் 1686-இல் இவற்றுக்குத் தடை போட்டது. இங்கிலாந்திலும் தடை வந்து, 1721-இல் கடுமையாகி, 1774-இல்தான் நீங்கியது. கையில் இருந்த கொஞ்சம் துணியில் பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்து எடுத்து, வெள்ளைத் துணியில் தள்ளித் தள்ளி வைத்துத் தைத்துப் படுக்கை விரிப்பாக்கினார்கள். துண்டுகளைச் சேர்த்துத் தைத்த குயில்ட் அமெரிக்காவில் எல்லா வீட்டுக்கும் வந்தது, ஆலையில் அச்சிட்ட பருத்தித் துணி மலிவான பிறகு, 1840-களை ஒட்டி.

கந்தலிலிருந்து பிறந்த குயில்ட்டுக்கு உச்சமான உதாரணம் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட். ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடும் அந்த ஊரில் வாழ்பவர்கள் பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள். ஆற்றைக் கடந்து வாக்காளராகப் பதிவு செய்யப் போனவர்களை முடக்குவதுபோல 1962-இல் படகுப் போக்குவரத்து நின்றது. அது திரும்பி வந்தது 2006-இல். அந்த ஊர்ப் பெண்கள் தேய்ந்த வேலைச் சட்டைகளையும் கால்சராய்களையும் கிழித்துத் தைத்தார்கள். மிசூரி பெட்வே 1942-இல், இறந்துபோன கணவரின் வேலை உடைகளைக் கொண்டே ஒரு குயில்ட் தைத்தார். முழங்கால் தேய்ந்த இடமும் வெளுத்த நீலமும் அப்படியே அதில் இருக்கின்றன. மேல்துணியை அவரவர் வீட்டில் தனியே தைப்பது, குயில்ட்டிங்குக்கு ஒரு வீட்டில் கூடுவது என்பதே அங்கும் வழக்கம். 1966-இல் ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி விற்பனைக்கும் தைத்தார்கள். 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர்களில் அவர்களுடைய குயில்ட்டுகள் ஓவியங்களைப் போலத் தொங்கின. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் படங்களோடு பத்து அஞ்சல் வில்லைகள் வெளியிட்டது.

பல கைகளின் வேலை ஒரு பெயரில் போன கதையும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய போட்டிக்கு ஏறக்குறைய 25,000 குயில்ட்டுகள் வந்தன. பொருளாதாரம் நொடித்திருந்த ஆண்டு. முதல் பரிசு ஆயிரம் டாலருக்கு மேல். அதை வென்றவர் அந்தக் குயில்ட்டைத் தானே தைக்கவில்லை, கூலிக்குத் தைத்த பெண்களுக்குப் பரிசில் பங்கும் கிடைக்கவில்லை என்பது பின்னால் தெரியவந்தது. இன்று கண்காட்சிகளில் குயில்ட்டின் பக்கத்தில் வைக்கும் அட்டையில் மேல்துணி இணைத்தவர் பெயரும் குயில்ட்டிங் செய்தவர் பெயரும் தனித்தனியே இருக்கும். அது மிகச் சரியான ஏற்பாடு.

சட்டகத்தின் இடத்தை இப்போது மிஷின் பிடித்திருக்கிறது. சாதாரணத் தையல் மிஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே இருப்பது ஏழெட்டு அங்குலம். அந்த இடுக்கில் போர்வையைச் சுருட்டித் திணித்துத் தைக்க வேண்டும். மிஷினின் அடியிலுள்ள பற்கள் அடித்துணியை மட்டும் இழுக்கும், மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். மேலேயும் பற்கள் உள்ள நடக்கும் பாதத்தைப் பொருத்தினால் மூன்றடுக்கும் சேர்ந்து நகரும். வளைவும் பூவும் வேண்டுமானால் பற்களைக் கீழே இறக்கிவிட்டு, துணியைக் கையாலேயே நகர்த்துவார்கள். அப்போது தையலின் நீளத்தைத் தீர்மானிப்பது கையின் வேகமும் காலின் வேகமும்தான். இதற்குப் பழக மாதங்கள் ஆகும். நீளக்கை மிஷினில் எல்லாம் தலைகீழ். குயில்ட் சட்டத்தில் விறைப்பாக நிற்கும், மிஷின் தண்டவாளத்தின்மேல் ஓடும். கணினி இணைத்தால் வடிவத்தை அதுவே போட்டுவிடும். விலை ஒரு காருக்கு வரும் என்பதால் ஊருக்கு ஒருவர் வைத்துக்கொண்டு கூலிக்குச் செய்து தருகிறார்.

மிஷினே தைத்துத் தருகிறபோது சங்கம் எதற்கு? 1971-இல் விட்னி அருங்காட்சியகம் நடத்திய முதல் குயில்ட் கண்காட்சிக்கும், 1976-இல் வந்த அமெரிக்கச் சுதந்திர இருநூறாம் ஆண்டுக்கும் பிறகுதான் இந்தச் சங்கங்கள் பெருகின. பிரிட்டிஷ் தீவுகளின் குயில்ட்டர் சங்கம் 1979-இல் தோன்றியது. கூட்டத்தில் முடித்த வேலையைத் தூக்கிக் காட்டுவார்கள். கைதட்டலுக்கு எழுபது வயதிலும் முகம் மலரும். ஜனவரியில் ஒவ்வொருவரும் முடியாத வேலைகள் பன்னிரண்டை எண் போட்டு எழுதிக் கொடுப்பது பல சங்கங்களின் வழக்கம். மாதம் ஒரு எண் குலுக்கி எடுப்பார்கள். அந்த எண்ணுள்ள வேலையை அந்த மாதம் முடிக்க வேண்டும். தையல் நாளில் மருத்துவமனைக் குழந்தைகளுக்கும், தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்கும், போர் முனையிலிருந்து திரும்பியவர்களுக்கும் குயில்ட் தைப்பதும் உண்டு. ஒருவர் வெட்டுவார், ஒருவர் தைப்பார், ஒருவர் இஸ்திரி போடுவார், ஓரம் கட்டக் கைத்தையலில் தேர்ந்த ஒருவரிடம் போகும். ஒரே மின் இணைப்பில் நாலு இஸ்திரிப்பெட்டியைச் செருகினால் மண்டபமே இருண்டுவிடும் என்பதால், பெட்டிகளை எந்தச் சுவரில் வைப்பது என்பதற்குக்கூட விதி இருக்கும். யாருக்கு எந்தக் கட்டம் பிடிக்குமோ அதை அவர் செய்கிறார், அதனால் எதுவும் நடுவழியில் நிற்பதில்லை. தனியே தைக்கிறவரின் வேலை அலமாரியில் தேங்குவதும், சங்கத்தின் குயில்ட் மருத்துவமனைக் கட்டிலுக்குப் போய்ச் சேருவதும் இந்த ஒரு வித்தியாசத்தால்தான்.

வீட்டில் தையல் மிஷின் இருந்தால் நீங்களும் தொடங்கலாம். முதல் குயில்ட் 36 அங்குலச் சதுரமாக, ஒன்பது கட்டப் பிளாக்குகளால் ஆனதாக இருக்கட்டும். கெட்டி நெசவுள்ள பருத்தித் துணி எடுங்கள். கருஞ்சிவப்பும் கருநீலமும் இருந்தால் சாயம் போகிறதா என்று முதலில் அலசிப் பாருங்கள். பஞ்சு விரிப்பு கிடைக்காவிட்டால் பழைய மெல்லிய கம்பளி போதும். மூன்றடுக்கையும் விரிக்கும் நாளில் மட்டும் தனியாக முயலாமல், பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.